போர்முனையில் இருந்தவன்

1

1947 ஜூன் மாதம் ப்ரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் ஒரு பிரெஞ்சுப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, அந்த ஊரிலிருந்த பிரெஞ்சுத் தூதர் எழுந்து வெளியே போய்விட்டார். படம் அவர் தேசத்துப் படம். அதே விழாவில் அதே படத்துக்காக ழெரார் ஃபிலிப்புக்குச் சிறந்த நடிகர் என்ற பரிசு கிடைத்தது. படத்தின் பெயர் 'லெ தியாப்ல் ஓ கோர்', உடம்பில் புகுந்த சைத்தான். இயக்கியவர் க்ளோத் ஓதான்-லாரா. மூலம், ரேமோன் ரதிகே எழுதி 1923இல் வெளிவந்த சிறிய நாவல்.

கதை ஒரு தபால் கார்டில் அடங்கும். முதல் உலக யுத்த காலம். பாரிஸுக்கு வெளியே மார்ன் நதிக்கரை ஊர். பள்ளிக்கூடம் போகிற பையன் ஒருவன், தன்னைவிட மூத்த மார்த் என்ற பெண்மேல் பித்தாகிறான். அவளுக்கு நிச்சயமான ழாக் போர்முனையில் இருக்கிறான். அவள் ழாக்கை மணந்துகொள்கிறாள். அவன் திரும்பப் போர்முனைக்குப் போகிறான். பையன் அவள் வீட்டுக்கு வருகிறான். அவள் கர்ப்பமாகிறாள். யுத்தம் முடிகிறது. குழந்தையைப் பெற்றுவிட்டு அவள் இறந்துபோகிறாள். குழந்தை தன்னுடையது என்று நம்பி ழாக் வளர்க்கிறான்.

இருபது வயதில் ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில் இதைப் பார்த்தேன். தூதர் எழுந்துபோன கதையை அன்று படத்தை அறிமுகம் செய்தவர் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒழுக்கம் பேசும் ஓர் அதிகாரி, கலையின் முன் தோற்றோடுகிறான் என்று எங்களுக்கு அர்த்தமாயிற்று. திரும்பி வரும்போது நான்கு பேர் டீக்கடையில் நின்று அந்தப் பையனைப் பற்றியே பேசினோம். ழாக்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினைந்து வருஷங்கள் கழித்து இப்போது மறுபடியும் பார்த்தேன். தூதர் செய்தது சரி என்று எனக்குத் தோன்றிவிடவில்லை. ஆனால் அவர் எதைப் பார்த்து எழுந்தார் என்ற கேள்வியை நாங்கள் அன்று கேட்டுக்கொள்ளவேயில்லை என்பது தெரிந்தது. சோரம் போகிற மனைவி பிரெஞ்சு இலக்கியத்துக்குப் புதியவள் அல்ல. அவள் இல்லையென்றால் அவர்களுடைய பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலில் பாதி இல்லை. இதற்கு மட்டும் ஏன் அந்த ஆத்திரம்?

2

ரதிகே 1903 ஜூன் 18இல் பிறந்தார். 1923 டிசம்பர் 12இல் டைபாய்டில் இறந்தார். வயது இருபது. நாவல் அதே 1923 மார்ச்சில் வந்தது. பதிப்பாளர் பெர்னார் க்ராஸே சோப்பு விற்கிறவரைப்போலப் புத்தகத்தை விற்றார். பதினேழு வயதுப் பையன் எழுதியது என்று விளம்பரம். சினிமாக் கொட்டகையில் காட்டும் செய்திப் படத்தில்கூட ரதிகே வந்தார். இது என் சொந்தக் கதை அல்ல, அப்படித் தோன்றும்படி எழுதியது என்று ரதிகே ஒரு பத்திரிகையில் எழுதிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருந்தது.

போரிலிருந்து திரும்பியவர்கள் கொதித்தார்கள். பிரான்சில் சுமார் 14 லட்சம் பேர் செத்திருந்தார்கள். சுமார் 6 லட்சம் பெண்கள் விதவைகளாகியிருந்தார்கள். ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் ஒரு பையன் வந்து, அந்த நான்கு வருஷங்கள் தன் வயதுப் பையன்களுக்கு ஒரு நீண்ட பள்ளி விடுமுறையாக இருந்தன என்ற தொனியில் தன் கதையைத் தொடங்குகிறான். வருத்தம் தெரிவிக்கவில்லை. வீம்பும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்கிறான். அவர்களைச் சுட்டது அந்தக் குரல்தான்.

நாவலில் பையனும் மார்த்தும் முதலில் சந்திப்பது 1917 ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவல் இந்தத் தேதியைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. பிரெஞ்சு வாசகன் அப்படிப் போயிருக்க முடியாது. அந்த ஏப்ரல் 16ஆம் தேதிதான் ஜெனரல் நிவெல் 'ஷெமின் தே தாம்' என்ற மேட்டு நிலத்தில் பெரும் தாக்குதலைத் தொடங்கினார். அதில் பட்ட தோல்விக்குப் பின், மே ஜூன் மாதங்களில் ராணுவத்தின் பாதி டிவிஷன்களில் கீழ்ப்படியாமை பரவியது. சிப்பாய்கள் கேட்டவற்றில் முக்கியமான ஒன்று லீவு. முறையாக, சொன்ன தேதியில், வீட்டுக்குப் போக லீவு. நிவெலின் இடத்துக்கு வந்த பெத்தான் சிலரைச் சுடச் சொன்னார். மற்றவர்களுக்கு லீவை ஒழுங்கு செய்தார்.

நாவலில் ழாக் வருவதெல்லாம் இப்படி லீவில் வருவதுதான். கதைசொல்லிக்கு அந்த லீவுகள் இடைஞ்சல்கள். தலைப்புச் சீட்டாட்டத்தில் கரண்ட் போவது மாதிரி. ஒரு தேசத்தின் ராணுவம் கலகம் செய்து பெற்ற ஏழு நாட்கள் இந்தப் பையனுக்கு எரிச்சலூட்டும் ஏழு நாட்கள். ரதிகே இதை எங்கும் விளக்குவதில்லை. விளக்கியிருந்தால் நாவல் கெட்டிருக்கும்.

இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மார்த் தன் புது வீட்டுக்குக் கட்டில், பீரோ வாங்கப் போகிறாள். பையன் வகுப்பைக் கட் அடித்துவிட்டுக் கூடப் போகிறான். அவளுக்கோ ழாக்குக்கோ பிடித்ததை வாங்கவிடாமல் ஒவ்வொரு சாமானையும் தன் ரசனைப்படி வாங்க வைக்கிறான். இன்னொருவனுடைய முதலிரவு அறையைத் தானே அமைத்துக் கொடுக்கிறான். இன்னொரு இடம், பிறகு வருவது. போர்முனையிலிருக்கும் ழாக்குக்கு மார்த் எழுதுகிற கடிதங்கள் வறண்டுபோய்விட்டன; ழாக் நொந்துபோகிறான். பையனுக்கு இரக்கம் வருகிறது. தானே சொல்லிச் சொல்லி அவளை அன்பான கடிதங்கள் எழுத வைக்கிறான். ழாக்குக்கு அவளிடமிருந்து வந்த பிரியமான கடிதங்கள் அவை மட்டுமே.

இந்தக் கடிதங்களில் நாவல் முழுவதும் இருக்கிறது. இது கொடுமையா, கருணையா என்று பையனுக்கே தெரியாது. இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. பித்து என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிற விஷயத்துக்குள், மற்றவர்களுடைய வாழ்க்கையைச் சாமான் நகர்த்துவதுபோல நகர்த்திப் பார்க்கும் ஒரு குழந்தையின் அதிகாரம் இருக்கிறது. ரதிகே அதைக் கண்டுகொண்டார். அவருடைய வயதுக்கு அது பயங்கரமான கண்டுபிடிப்பு.

3

படம் எடுக்கப்பட்ட காலத்துக்கு வருவோம். இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இலக்கியப் பத்திரிகையில் சட்டம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நெப்போலியன் காலத்து 1810 தண்டனைச் சட்டப்படி, சோரம் போன மனைவிக்கு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை. கணவனுக்கு அபராதம் மட்டும். அதுவும் வைப்பாட்டியைக் குடும்ப வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால்தான். இது பிரான்சில் 1975 வரை இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. மனைவியின்மேல் புகார் கொடுக்கக் கணவனால்தான் முடியும். அவன் வாய் திறக்காவிட்டால் அரசாங்கத்துக்கு வேலையில்லை. விவகாரம் இரண்டு பேருக்கு நடுவில், அல்லது மூன்று பேருக்கு நடுவில்.

1940இல் பிரான்ஸ் தோற்றது. சுமார் 18 லட்சம் சிப்பாய்கள் ஜெர்மானியரிடம் கைதிகளானார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் மணமானவர்கள். பல லட்சம் பேர் 1945இல்தான் வீடு திரும்பினார்கள். ஐந்து வருஷம் கணவனில்லாத வீடுகள். 1942 டிசம்பர் 23ஆம் தேதி விஷி அரசு ஒரு சட்டம் போட்டது. யுத்தத்தின் காரணமாகக் கணவன் வர முடியாமலிருக்கும் குடும்பத்தின் கௌரவத்தைக் காப்பதற்கான சட்டம் என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்டவனின் மனைவியோடு ஊரறிய வாழ்கிறவனைக் கணவனின் புகார் இல்லாமலே அரசு தண்டிக்கலாம். வர முடியாத கணவனின் இடத்தில் அரசாங்கம் தானே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆட்சியின் தலைவர் பெத்தான். 1917இல் கணவர்களுக்கு லீவு கொடுத்த அதே பெத்தான். இருபத்தைந்து வருஷத்தில் லீவு கொடுக்க வழியில்லாமல் போனதும் சட்டம் கொடுத்தார்.

1944இல் விடுதலை வந்தது. வந்த கையோடு, ஜெர்மானியரோடு பழகியவர்கள் என்று சொல்லி சுமார் 20,000 பெண்களைப் பிடித்துத் தெருவில் நிறுத்தித் தலையை மழித்தார்கள். விஷியை வெறுத்தவர்கள்தான் இதைச் செய்தார்கள். ஆட்சி மாறியது. சிப்பாயின் பெண் தேசத்தின் சொத்து என்ற எண்ணம் மாறவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1946இல், ஓதான்-லாரா இந்தப் படத்தை எடுக்கிறார். ரதிகேயின் காலத்து வேஷ்டியைக் கட்டிக்கொண்டு வந்தாலும், 1947இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது யாருடைய கதை என்பது தெரியும். அருகில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் அவன் கேட்காத கேள்விகள் இருந்திருக்கும். ப்ரஸ்ஸல்ஸில் எழுந்துபோன தூதரை நான் இப்போது இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வீட்டில் இல்லாத கணவனின் நாற்காலியில் அரசாங்கம் உட்கார்ந்திருந்தது; அந்த நாற்காலியிலிருந்துதான் அவர் எழுந்தார்.

4

படம் என்ன செய்தது? திரைக்கதை எழுதியவர்கள் ழான் ஓரான்ஷும் பியேர் போஸ்தும். நாவலில் மார்த் இறப்பது சமாதானம் வந்து சில மாதங்களுக்குப் பிறகு. படத்தில் அவளுடைய சவ ஊர்வலமும் 1918 நவம்பரின் வெற்றிக் கொண்டாட்டமும் ஒரே நாளில் வருகின்றன. தெருவெல்லாம் கொடி, நடுவில் ஒரு சவப்பெட்டி. மாதா கோயில் மணி அடிக்கிறது, அந்த ஒலி மெல்ல இழுபட்டுத் தேய்கிறது, கதை பின்னுக்குப் போகிறது. பெயரில்லாத கதைசொல்லிக்குப் படம் ஃப்ரான்ஸ்வா என்று பெயர் கொடுத்தது. நாவலின் பையனுக்குப் பதினைந்து பதினாறு வயது. ழெரார் ஃபிலிப்புக்குப் படப்பிடிப்பின்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு. மார்த்தாக நடித்த மிஷெலின் ப்ரெலுக்கும் அதே வயது.

படம் முழுவதும் துக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்கிற ஞாபகமாகிவிடுகிறது. முதல் ஐந்து நிமிடத்திலேயே பையன் தண்டிக்கப்பட்டுவிட்டான். அதன்பின் அவன் எது செய்தாலும் நாம் மன்னிக்கிறோம். நாவல் அவனைத் தண்டிப்பதே இல்லை. மன்னிக்கும் வசதியும் நமக்கு இல்லை.

இந்தப் படத்தை 1954 ஜனவரி 'கையே து சினிமா' இதழில் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ தாக்கியது பிரசித்தம். அப்போது அவருக்கும் வயது இருபத்தொன்றுதான். ஓரான்ஷும் போஸ்தும் நாவலின் காட்சிகளைப் படமாக்க முடியாதவை என்று ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகச் 'சமமான' காட்சிகளைத் தாங்களே செய்து வைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று இந்தப் படம். நாவலில் முதல் சந்திப்பு ரயில் நிலையத்தில். நின்றும் நிற்காமலும் இருக்கும் ரயிலிலிருந்து மார்த் குதிக்கிறாள். படத்தில் அவர்கள் சந்திப்பது ஆஸ்பத்திரியாக்கப்பட்ட பள்ளிக்கூடத்தில். காயம்பட்ட சிப்பாய்களைக் காட்டி ராணுவ எதிர்ப்பை நுழைப்பதற்காகச் செய்த மாற்றம் இது என்றார் த்ரூஃபோ.

நம்மில் பலர் த்ரூஃபோவின் தீர்ப்பைப் பாடமாக ஒப்பிப்பவர்கள். நானும் ஒப்பித்திருக்கிறேன். இப்போது பாதிதான் சரி என்று படுகிறது. ஆஸ்பத்திரிக் காட்சி ஒரு மோசடி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மோசடி ராணுவ எதிர்ப்பில் இல்லை. காயம்பட்டவர்களைக் கட்டிலில் காட்டியதன்மூலம் படம் ஒரு வேலையை முடித்துவிடுகிறது. சிப்பாய் என்றால் இனி அந்தக் கட்டிலில் முனகும் உருவம். ழாக் என்ற தனி மனிதன், கடிதத்துக்காகக் காத்திருப்பவன், கழன்றுபோகிறான். யுத்தத்தின்மேல் நமக்கு வருகிற கோபத்தைக் கொண்டே அந்தச் சிப்பாயை மறக்க வைத்துவிட்டார்கள். இருபது வயதில் டீக்கடையில் நின்ற நாங்கள் ழாக்கைப் பற்றிப் பேசாததற்கு எங்கள் வயது மட்டும் காரணமல்ல.

படத்தில் நல்ல இடங்கள் இல்லாமலில்லை. உணவு விடுதியில் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள, வைன் கெட்டுப்போயிருக்கிறது என்று ஃப்ரான்ஸ்வா திருப்பி அனுப்புகிறான். அவனுக்கு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மார்த்துக்கு அது தெரியும். அவள் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. படகுத் துறையில் அவள் காத்திருக்கும்போது தகப்பனார் பக்கத்தில் ஒளிந்து நின்றுகொண்டு, போகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த இரண்டு இடத்திலும் ஃபிலிப்பின் முகத்தில் ரதிகேயின் பையன் வந்துவிடுகிறான்: வீராப்பும் கோழைத்தனமும் ஒன்றாக. அந்த நடிகர் 1959இல் முப்பத்தாறு வயதில் இறந்தார். அதனால் அந்த முகம் நமக்கு வயதாகாமலே நின்றுவிட்டது. அதுவும் படத்தை மன்னிக்க வைக்கும் காரணங்களில் ஒன்று.

இயக்குநரின் பின்கதையையும் சொல்லிவிடவேண்டும். ராணுவத்தையும் மாதா கோயிலையும் வாழ்நாள் முழுக்கச் சீண்டிய ஓதான்-லாரா, 1989இல் தேசிய முன்னணி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் பட்டியலில் நின்று ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குப் போனார். நாஜி முகாமிலிருந்து உயிர்தப்பிய சிமோன் வெய்யைப் பற்றி யூத வெறுப்புடன் பேசி, சில மாதங்களிலேயே ராஜினாமா செய்தார். இதை வைத்துப் பழைய படத்தை எரிக்கச் சொல்லவில்லை. எதிர்ப்பு என்பது தன்னளவில் ஒரு தகுதி என்று நம் வட்டத்தில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

5

நாவலின் கடைசிப் பக்கங்களில் ழாக் பையனின் வீட்டுக்கே வருகிறான். தகப்பனாரோடு பேசுகிறான். பையன் அறைக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறான். என் மனைவி குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே செத்தாள், இனி அவனுக்காகத்தான் நான் வாழவேண்டும் என்கிறான் ழாக். குழந்தைக்கு மார்த் வைத்திருந்தது பையனின் பெயர். அவள் கூப்பிட்டது யாரை என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரியும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. எல்லாம் தானாக ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று பையன் நினைத்துக்கொள்கிறான். உலக இலக்கியத்தில் இதைவிடக் குரூரமான மனநிம்மதியை நான் படித்ததில்லை.

இனி நாவலுக்கு வெளியே இருக்கும் ஒரு விஷயம். ரதிகேயின் சிறுவயதில் அப்படி ஒரு பெண் இருந்தாள். பள்ளி ஆசிரியை. கணவன் போர்முனையில். நாவலில் மார்த் சாகிறாள், படத்திலும் சாகிறாள். அந்தப் பெண் சாகவில்லை. நாவல் வந்தபோதும் இருந்தாள். படம் வந்தபோதும் இருந்தாள். கணவனும் போரிலிருந்து திரும்பி வந்தவன்தான். ஊர் முழுக்கப் படித்த கதையோடு இருவரும் ஒரு வீட்டில் இருந்திருக்கிறார்கள். அந்த வீட்டைப் பற்றி நாவல் இல்லை, படம் இல்லை. கலைக்கு அவளுடைய சாவு தேவைப்பட்டது. சட்டத்துக்கு அவளுடைய காவல் தேவைப்பட்டது. அவள் உயிரோடிருப்பது இரண்டுக்கும் தேவைப்படவில்லை.

என் பிழைப்பு வங்கி கவுண்ட்டரில். நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் 'லைஃப் சர்டிபிகேட்' கொடுக்க வருவார்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களில் சிலரிடம், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் கையெழுத்து வாங்கவேண்டியிருக்கிறது. போன வருஷம் ஒரு சிப்பாயின் மனைவி, அறுபது வயதிருக்கும், அந்தத் தாளை என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இந்த வயசுலயும் இதைக் கேப்பீங்களா சார்?" என்று சிரித்தாள்.

"ஃபாரம் அப்படிம்மா" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சீல் வைத்து ஃபைலில் போட்டேன். படத்தை மறுபடியும் பார்த்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. ப்ரஸ்ஸல்ஸ் தூதரைப் பற்றிய பழைய சிரிப்பு ஏன் வரவில்லை என்று யோசித்தபோது இந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.